வெள்ளிக்கிழமை வேலை செய்யாதவன்

கனடாவில் எங்கள் கிம்லி ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் வெஸ்லிக்கு வாரத்தில் நாலே நாள்தான் வேலை. வீட்டையும் வாழ்க்கையையும் கொஞ்சம் கவனியுங்கள் என்று மேலாளர் ஷெரில் வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கிவிட்டார். வெஸ்லி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டிலோடு என் பக்கத்தில் உட்காருவான். வருகிற மின்னஞ்சலுக்கெல்லாம் 'நான் வெள்ளிக்கிழமை வேலை செய்வதில்லை' என்று ஃபோனில் தன் கையாலேயே பதில் எழுதுவான். யாராவது 'சரி, நன்றி' என்றால் அதற்கும் ஒரு நன்றி போகும்.

"அது தானாவே போற மாதிரி வெச்சுக்கலாமாமே" என்றேன் ஒரு வெள்ளிக்கிழமை.

"மிஷின் பதில் சொன்னா மரியாதையா இருக்காதுடா."

"வேலை செய்யலைன்னு சொல்றதே உனக்கு முழுநேர வேலையாப் போச்சு. அங்க பாரு, தூண்டில் ஆடுது."

பதறித் திரும்பினான். மீன் தப்பியது, ஃபோன் துளைக்குள் போய்விட்டது. ஃபோன் போன பிறகு, அன்றுதான் அவன் முதன்முதலாக ஒரு மீன் பிடித்தான். சிரிக்கக்கூடச் செய்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஷெரில் கவலையோடு எழுந்து வந்தாராம்.

"என்ன வெஸ்லி, வேலை செய்யலைன்னு வெள்ளிக்கிழமை உங்ககிட்டேருந்து ஒரு பதிலும் வரலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அடுத்த வெள்ளிக்கிழமை வெஸ்லி புது ஃபோனைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான்.