சொல்லிவிட்டுப் போன நாள்

போன வருட அடைமழையில், அப்புத்தளைக்குக் கீழே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் மூடிப்போயின. அப்போது நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். நாலு வயது மகள் பிள்ளை மடுவத்தில் இருந்தாள். வேலைக்குப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் விடுவோம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பாதை அடைபட்டதால் அவளிடம் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினேன். மகள் என் சேலையை விடவில்லை. மடுவத்தில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. எனக்குச் சும்மாவே எதற்கெடுத்தாலும் பயம். அவள் அழுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல், தோட்டத்துத் தாய்மார் எல்லோரும் செய்வதுபோல, அவள் பராக்குப் பார்க்கும் நேரம் பின்வாசலால் நழுவிவிடுவேன்.

மடுவத்தைப் பார்க்கும் பெண் என்னைவிடச் சின்னவள். ஒரு நாள் பின்வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என்னக்கா, கொழுந்து திருடப் போற மாதிரி போறீங்க? சொல்லிட்டுப் போங்க. எப்ப வருவீங்கன்னும் சொல்லுங்க."

"அழுவாளே."

"அழட்டும், நான் வச்சிருக்கேன். நீங்க போன பின்னாடி கதவையே பாத்துக்கிட்டு இருக்காளே, அதத்தான் பாக்க முடியல."

மறுநாள் மகள் முன்னால் குனிந்து, பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் வருவேன் என்று சொன்னேன். அவள் அலறியது பாதி மலை வரைக்கும் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

அன்றைக்கென்று பார்த்து மழை. நிறுவை தாமதம், எனக்கு முன்னால் நீள வரிசை. யாரிடமும் வாய் திறந்து எதுவும் கேட்காத நான் அன்று கேட்டேன்.

"கொஞ்சம் முன்னுக்கு விடுங்கக்கா, மக பாத்துக்கிட்டு இருப்பா."

"ஒம்மக மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருக்காளாக்கும்" என்றாள் முன்னால் நின்றவள்.

"சொன்ன நேரத்துக்குப் போகலன்னா இனிமே என்னைய நம்பமாட்டா."

அவள் என் கொழுந்துச் சாக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஒம்பேருல நான் நிறுத்துடுறேன். வழுக்கி விழாம ஓடு."

மகள் வாசலிலேயே நின்றாள். "மழையில்ல பெய்யுது, எப்பிடி வந்த?" என்று கேட்டாள். மண் சரிந்ததற்குப் பிறகு மடுவத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"வாரேன்னு சொன்னேன்ல."

என் மடியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த சோற்றில் பாதியைச் சாப்பிட்டாள்.

காலை அழுகை நிற்கப் பல வாரம் ஆனது. மழை இருட்டினால் இப்போதும் என் கண் மேட்டு மண்ணுக்குத்தான் போகும். மண்ணை என்னால் பிடித்து நிறுத்த முடியாது. சொன்ன நேரத்துக்கு அவள் முன்னால் போய் நிற்க முடியும், அதை மட்டும் எதற்காகவும் நான் விடுவதாக இல்லை.