நாடற்றவரைத் தேடி வந்தவர்

தோட்டத்தில் யாரையும் பேட்டி காண மேலிட அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் ஏழு நாளில் பதில் தரவேண்டும். அதுதான் விதி.

எழுபதுகளில் வந்த அந்தச் சட்ட மாணவர், நாடற்றவர்கள் பற்றி அனைத்துலகச் சட்டக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி. தோட்டத்து எழுத்தரான என் மேசைப் பேனாவைத் தொடவும் அனுமதி கேட்பார்.

“கிராணி ஐயா, நாடில்லாத ஒருத்தரையாவது பார்க்கலன்னா கட்டுரைய ஏத்துக்க மாட்டாங்க.”

“பதில் வரட்டும் தம்பி. அதுவரைக்கும் இங்க யாரும் பேசக்கூடாது லா.”

யாரும் என்றால் நானும்தான். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத என் சிவப்பு அடையாள அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. எதிரில் இருந்த என்னை அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது முறையல்ல.

எட்டாம் நாளும் பதில் வராமல், வெறுங்கையோடு தானா ராத்தா பட்டணத்துக்கு பஸ் ஏறினார். அவ்வளவு மரியாதையான மனிதரை நான் பிறகு பார்க்கவில்லை.

அனுமதிக் கடிதம் வந்தது, எனக்குக் குடியுரிமை கிடைத்த மறுநாள்.