அம்மா வீட்டுக்கு மாதா வந்த நாள்

ஆண்டவர் அழைத்து, எங்கள் அம்மா டெல்லி முனிர்கா வீட்டின் படியிறங்கிப் போய் ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் என்பதால் இந்த நினைவு மலரில் நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் என் வாய் அம்மாவின் வாய் அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது தென்னாற்காட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊரில். மூன்று தலைமுறைக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். என்ன பிரயோசனம்? திருவிழாவில் மாதா தேர் மேலத்தெருவைச் சுற்றிவிட்டு, கீழத்தெரு முனையோடு கோவிலுக்குத் திரும்பிவிடும். கீழத்தெருவில் இருந்தது எங்கள் சனம். வேதத்தில் சேர்ந்தால் சாதி போய்விடும் என்றார்களாம். தேருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. முனையில் மெழுகுதிரியோடு நின்றே வளர்ந்த அம்மா, கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது, "இங்க ஏது மேலத்தெரு, கீழத்தெரு!" என்று சந்தோஷப்பட்டாராம்.

அப்பாவுக்கு சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல் வேலை. அவர் சீக்கிரமே போய்விட்டார். ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தே அம்மா என்னையும் தம்பியையும் படிக்கவைத்து ஆளாக்கினார்.

இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபர் முழுக்க மாதா சொரூபம் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மாலையில் எல்லோரும் அங்கே கூடி ஜெபமாலை சொல்வார்கள், சுண்டல் கொடுப்பார்கள். எந்த நாள் யார் வீடு என்று முன்கூட்டியே பட்டியல் வரும். அம்மா வந்த புதிதில், பட்டியல் எழுதும் அண்ணன் அன்பாகத்தான் விசாரித்தார்: "ஊர்ல எந்தத் தெருக்கா?"

அம்மாவுக்குப் பொய் வராது. "கீழத்தெருங்க" என்றார்.

அந்த வருடம் பட்டியலில் எங்கள் வீடு இல்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

சாக்குக்கா பஞ்சம்? "படி செங்குத்தா இருக்குக்கா, மாதாவத் தூக்கிட்டு மூணு மாடி ஏற முடியாது" என்பார் அண்ணன். பக்கத்துச் சந்தில் நாலாம் மாடிக்கு மட்டும் எப்படி ஏறினாராம்? "ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டாங்க" என்பார். அம்மா நேரே வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டார். "பகவான் ஆயேங்கே தோ மை ரோகூங்கி க்யா?" என்று அந்த அம்மாள் கோபித்துக்கொண்டார். சாமி வந்தால் நானா தடுப்பேன் என்று! இந்தியில் கிடைத்த அனுமதி தமிழில் கிடைக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனக்கு ரோஷமே இல்லியாம்மா? அவங்க வீட்டுக்கெல்லாம் போய் சுண்டல் அவிச்சுக் கொட்டுறியே!" என்று கத்துவேன்.

"படிதான்டி காரணம். வேற என்னா இருக்கப் போவுது? சும்மா கெட."

சொல்லிவிட்டு, மாதா மேசையில் விரிப்பதற்கென்று வாங்கிய நீலத் துணியைத் துவைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைப்பார். வருடா வருடம் இதே வேலை. விரிக்காத துணியை எதற்கம்மா துவைக்கிறாய் என்று ஒருமுறைகூட என்னால் கேட்க முடியவில்லை.

கடைசி நாட்களில் மூச்சு விடவே சிரமப்பட்டார். அப்போதும், "லிஸ்ட் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார். வந்திருந்தது. எங்கள் வீடு இல்லை. "இன்னும் வரலம்மா" என்றேன். எனக்குப் பொய் வரும்.

ஆறு பேர் அம்மாவின் சவப்பெட்டியை அதே படியில் இறக்கினார்கள். செங்குத்து என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழாம் நாள் ஜெபத்துக்கு மாதா வந்தார். பட்டியல் எழுதும் அண்ணனே தோளில் சுமந்து மூன்று மாடியும் ஏறினார். நான் நீலத் துணியை விரித்தேன். பார்க்க வேண்டியவரைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள்.

பெட்டி சுமந்தவர்களுக்கும், பூசை வைத்த ஃபாதருக்கும், துக்க வீட்டில் மூன்று நாளும் டீ போட்டுக் கொடுத்த வீட்டுக்காரம்மாவுக்கும் எங்கள் நன்றி. மாதாவைச் சுமந்துவந்த அண்ணனுக்கும் நன்றி. அதை மனதாரச் சொல்ல முயற்சி செய்கிறேன்.

இந்த அக்டோபர் பட்டியலில் எங்கள் வீட்டைச் சேர்த்திருக்கிறீர்களாம். வாருங்கள், சுண்டல் உண்டு. படி அதே படிதான், ஒரு கல்லைக்கூட யாரும் மாற்றவில்லை. அம்மா இருக்கும்போதே ஒரு தடவை ஏறியிருக்கலாமே, அண்ணே.