திருநீற்று மரவைக்கு அடியில் ஒரு விண்ணப்பம்

வைகாசி நடுவில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துப் பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேவகர் தந்தி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தது. சங்கரலிங்கம் அதிகாலையில் காலமானான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்துவிட்டது. வாந்திபேதியில் போனவர்களை வைத்திருக்க மாட்டார்கள். அவனுக்கு முப்பது வயசு ஆகவில்லை.

உங்களில் பலருக்கு அவன் டாக்டர். நோய் கண்ட தெருவுக்குள் ஊரே நுழைய அஞ்சியபோது மருந்துப் பெட்டியோடு நடந்து போனவன் என்று தெரியும். எனக்கு அவன் ஆறாம் பாரத்தில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த சங்கரன். அவன் டாக்டரான கதையை நீங்கள் அவன் வாயிலிருந்து கேட்டிருக்க முடியாது. தன்னைப் பற்றிப் பேச அவனுக்கு வராது. எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே நான் சொல்கிறேன்.

சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினாறாம் நாள் டவுனில் அவன் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. என் பக்கத்து இலைக்காரர்கள் இரண்டு பேர், பெரிய மனிதர்கள்தான், குழம்பைப் பிசைந்துகொண்டே பேசினார்கள். "திருநீறு பூசுத வீட்டுல பிறந்து தவளைய அறுத்தாம்லா, அந்தப் பாவம் சும்மா விடுமா?" என்றார் ஒருவர். "அதோட விட்டானா? ஆத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு பொருனையையே பழிச்சாம்வே" என்றார் மற்றவர். நாலு முழத் தூரத்தில் சங்கரனின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. எனக்கு இலையை மூடிவிட்டு எழுந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அந்த வீட்டில் அவனுக்குப் பின் காலேஜுக்குப் போகக் கடைக்குட்டித் தம்பி காந்திமதிநாதன் இருக்கிறான். இந்த வருஷம் ஆறாம் பாரம் முடித்தவன், அண்ணன் எடுத்த பாடத்தையே எடுக்க வேண்டும் என்று நிற்பவன். அந்தப் பேச்சு அவன் அப்பாவின் மனசில் இறங்கினால் அவன் படிப்பு அங்கேயே நின்றுபோகும்.

நாங்கள் ஆறாம் பாரம் படித்த காலத்தில்தான் காலேஜ் படிப்பின் முறையே மாறிற்று. அதுவரை எப்.ஏ. என்று ஒன்று இருந்தது. சேர்ந்தவன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பான். புதிதாக வந்த இன்டர்மீடியட்டில், பாஷைகள் போக மூன்று பாடங்களை நாமே பொறுக்கி விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்றார்கள். டவுனில் ஒரே குழப்பம். வக்கீலாக வேண்டுமா, சரித்திரமும் தர்க்கமும் எழுது. வைத்தியம் படிக்க வேண்டுமா, இயற்கை சாஸ்திரம் எழுது. பிள்ளையின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போய் "எந்த மூணு பாடம்?" என்று கேட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தவளையைப் பார்த்தாலே சோறு இறங்காது என்பதால் சரித்திரத்தையும் தர்க்கத்தையும் எழுதினேன். மார்க்கு எதில் சுலபமாக வரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சங்கரன் சிரித்தான். "எந்தப் பாடத்துல தோத்தா மறுபடியும் எழுத மனசு வருமோ அதை எடுலே" என்றான். அவன் சும்மா சொல்லவில்லை. பின்னால் இன்டர்மீடியட்டில் பௌதிகத்தில் தோற்று, முகம் வாடாமல் இன்னொரு வருஷம் உட்கார்ந்து எழுதித் தேறினான்.

அவன் இயற்கை சாஸ்திரத்துக்குத் தயாரான விதம் வேடிக்கையானது. திருச்சிராப்பள்ளிக் காலேஜில் அந்தப் பாடத்துக்கு இடம் குறைவு, சேர வருகிறவனின் கையையும் கண்ணையும் பார்ப்பார்கள், ஒன்றை அறுத்துப் பிரித்து வரையச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டான். சைவ வீட்டில் எதை அறுப்பது? வாழைப்பூவை எடுத்துக்கொண்டான். சவரக் கத்தியால் மடலை நீக்கி, ஒவ்வொரு பூவாகப் பிரித்து, உள்ளே இருக்கும் நரம்பைச் சேதமில்லாமல் எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்து வரைவான். கள்ளன் என்கிற அந்த நரம்பை நீக்கிய பூ அடுப்படிக்குப் போகும். இரண்டு மாசம் அந்த வீட்டில் வாழைப்பூப் பொரியல், வாழைப்பூ வடை, வாழைப்பூக் குழம்பு. சின்னப் பிள்ளையாக இருந்த காந்திமதிக்கு வடையில் கொண்டாட்டம். அப்பாதான் ஒருநாள் இலையைப் பார்த்து, "வயித்துக்குள்ள வாழையே முளைச்சிரும் போலுக்கே" என்றார்.

அந்த அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நிலபுலம் உள்ளவர், நெல்லையப்பர் கோயிலுக்குத் தினமும் போகிறவர். எறும்புக்குக்கூட ஒதுங்கி நடப்பார். மகனை வக்கீலாக்க நினைத்திருந்தார். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். சங்கரன் வெளியே போயிருந்த நேரத்தில் அவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "குத்தாலம், இயற்கை சாஸ்திரம்னு எழுதியிருக்கானே, அதுல என்னதான் படிக்கணும்?" என்று கேட்டார்.

நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எல்லாம் செடி, கொடி, பூ, காய்தான் மாமா. நல்ல சைவப் படிப்பு" என்றேன். அவருக்கும் இரண்டு மாசமாகப் பார்த்த வாழைப்பூ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் ஆற்றில் குறுக்குத்துறையில் குளிக்கும்போது இந்தச் சாமர்த்தியத்தைச் சங்கரனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் என் முதுகில் தட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் துவைத்த வேட்டியைப் பிழியாமல் அப்படியே நின்றான். "பொய் சொல்லி வாங்கின கையெழுத்த வச்சு நான் எங்கன படிக்க? அவரு மொகத்த எப்படிலே பாக்க?" என்றான். ஈர வேட்டியோடு வீட்டுக்கு நடந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமாவின் முன்னால் போய் நின்று, நான் இருக்கும்போதே சொன்னான்.

"அப்பா, குத்தாலம் சொன்னது பொய். அந்தப் படிப்புல தவளை, கரப்பான் எல்லாம் அறுக்கணும். பின்னால மனுச உடம்பையும் அறுக்கணும். தெரிஞ்சு போடுங்க. இல்லாட்டிப் போடாண்டாம்."

மாமா தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். "திருநீறு பூசுத வீடுலே இது" என்றார், அவ்வளவுதான். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

காலேஜிலிருந்து வந்த அச்சடித்த தாள் அது ஒன்றுதான். இன்னொன்று கேட்டு எழுதி வரவழைக்க நாள் இல்லை. மறுநாள் சங்கரன் ஒரு முழுத் தாளில் கட்டம் போட்டு, அச்சில் இருந்த அத்தனையையும் நினைவிலிருந்து கையால் எழுதினான். பாடம் என்ற இடத்தில் இயற்கை சாஸ்திரம் என்று எழுதினான். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, "பிராணிகளை அறுத்துப் படிப்பது உட்பட" என்று சேர்த்தான். "கூறு கெட்டவனே, காலேஜ்காரனுக்கு அது தெரியாதாலே?" என்று கத்தினேன். "இது காலேஜுக்கு இல்ல" என்றான்.

மாமா விடியற்காலையில் குளித்துவிட்டு வந்ததும் திருநீற்று மரவையைத்தான் முதலில் தொடுவார். திருநீறு வைத்திருக்கும் அந்த மரப்பாத்திரத்துக்கு அடியில் சங்கரன் விண்ணப்பத்தை வைத்தான். மாமா மரவையை எடுத்தார், தாளைப் பார்த்தார், திருநீறு பூசிக்கொண்டார், மரவையைத் தாளின் மேலேயே திரும்ப வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். ஐந்து நாள் இப்படியே நடந்தது. மகன் அழவில்லை, பட்டினி கிடக்கவில்லை, யாரையும் தூது அனுப்பவில்லை. வாழைப்பூவை மட்டும் விடாமல் பிரித்து வரைந்துகொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் மாமாவே வாய் திறந்தார். "எதுக்குலே இந்தப் பிடிவாதம்?"

சங்கரனுக்குப் பிரமு என்று ஓர் அக்காள் இருந்தாள். சேரன்மாதேவிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவத்தில் போய்விட்டாள். அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. அன்றைக்கு அவன் எடுத்தான். "பிரமு அக்கா ரெண்டு நாளு கத்தினா அப்பா. ஆத்துல வெள்ளம். டாக்டரு அக்கரையிலயே நின்னாரு. இக்கரையில ஒருத்தர் இருந்திருக்கணும்லா?"

மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் சங்கரன் என் வீட்டுக்கு ஓடி வந்து தாளைக் காட்டினான். கையெழுத்து இருந்தது. பக்கத்தில் திருநீற்றுக் கை பட்ட தடமும் இருந்தது. மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். "உசிரைத் தொட்டு அறுத்தாலும் சரி, பிணத்தைத் தொட்டாலும் சரி, தலை முழுகிக் குளிச்சிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும்." சங்கரன் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்த வாக்கை அவன் எப்படிக் காப்பாற்றினான் என்பதற்கு அவனோடு வேலை பார்த்தவர்கள் சாட்சி. சென்னையில் படித்தபோதும் சரி, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் சரி, குளிக்காமல் ஒரு கவளம் தின்றதில்லை. ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் ஒரே பகலில் மூன்றாம் தடவையாக அவன் தலைக்கு ஊற்றிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். "டாக்டரய்யா வேட்டி காயுததுக்கு வெயிலுக்கே நேரம் பத்தல" என்று கம்பவுண்டர் சிரித்தார். இந்த நோய் வந்த பிறகு வெந்நீர் போட்டு ஆறவைத்துக் குளித்தானாம். ஆற்றைப் பழித்தானா அவன்? அந்த ஆற்றங்கரைப் பிள்ளைகள் பிழைத்துக் கிடக்கட்டும் என்றுதானே தெருத்தெருவாகத் தொண்டை கிழியச் சொன்னான்! பந்தியில் பேசிய பெரியவர்கள் இதைப் படிக்கட்டும்.

தந்தி கண்டு நான் போயிருந்த அன்று கம்பவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். சங்கரன் படுப்பதற்கு முந்தின நாள் முழுவதும் வீடுவீடாக அலைந்திருக்கிறான். இரண்டு உடல்களை அவனே தூக்கிவிட்டிருக்கிறான். சாப்பாட்டுப் பாத்திரம் காலையிலிருந்து காத்திருந்தது. "குளிக்க நேரமில்ல, குளிச்சிட்டுச் சாப்பிடுதேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறான். பாத்திரம் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. நோய் வந்தது பட்டினியால் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பதினாறாம் நாளும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் மாமா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, மடியிலிருந்து காந்திமதியின் விண்ணப்பத்தை எடுத்து விரித்தார். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. பாடத்தின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இயற்கை சாஸ்திரம்னு எழுது" என்றார். நான் பேனாவை எடுத்தேன். "இதுல அறுக்கணும்லா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. அறுக்கணும்."

தலையை ஆட்டினார். தாளைப் பார்த்துக்கொண்டே, "கடைசி நாளு அவன் சாப்பிட்டானாலே?" என்றார்.

சாப்பிட்டான் என்ற சொல் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எழுபது வயசு மனிதரிடம் அந்த ஒரு பொய்யைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் குறுக்குத்துறையில் பிழியாத வேட்டியோடு நின்றவன் என் கண்முன் நின்றான். "இல்ல மாமா. ரெண்டு பேரைத் தூக்கினான். குளிக்க நேரமில்லன்னு சாப்பிடாமலே இருந்திருக்கான்" என்றேன்.

மாமா அழவில்லை. மேல்துண்டால் முகத்தை ஒரு தடவை அழுந்தத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, காலியாக இருந்த இடத்தில் தாமே எழுதினார். இயற்கை சாஸ்திரம், பிராணிகளை அறுத்துப் படிப்பது உட்பட. பழைய விண்ணப்பத்தில் மகன் எழுதிய வார்த்தைகளில் ஒன்றுகூட மாறவில்லை.

சங்கரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: கேட்பதற்குக் கசப்பானதை முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துக்குக் காத்திருப்பது. என் மேசைக்கு வரும் எந்தத் தகப்பனிடமும் இனி நான் சைவப் படிப்பு என்று சொல்ல மாட்டேன்.

மாமா எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"குத்தாலம், காந்திமதிட்டச் சொல்லிரு" என்றார். "கையக் கழுவிட்டுச் சாப்பிட்டாப் போதும்."