வெடி நேரத்துச் சீட்டு

சுகிர்தாவின் எடைமேடையை ஏமாற்றிய லாரி டிரைவரே கிடையாது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் தடவை ஏமாற்றியவர் யாரும் இல்லை.

உத்திரமேரூருக்குத் தெற்கே உள்ள ஒரு கல் குவாரியில் அவள் பன்னிரண்டு வருடமாக எடை போடுகிறாள். வண்டி காலியாக ஒரு தடவை மேடையேறும், ஜல்லி ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை ஏறும். காலி வண்டியில் தண்ணீர் டிரம் ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து, பிறகு அதை இறக்கிவிட்டால், அந்த எடைக்குச் சமமான ஜல்லி கணக்கில் வராமல் போய்விடும். அப்படிச் செய்பவர்கள் மேடையில் நின்றதும் அவசரப்படுவார்கள். அவளுக்கு அது கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே தெரியும். பார்த்ததைக் குறித்து வைக்கவும் செய்வாள்.

போக்கர் ஆட்டத்தை அவளுக்குக் காட்டியவள் ஷீபா. எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க செங்கல்பட்டிலிருந்து வருகிற பெண். ஒருநாள் மென்பொருள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஷீபா போனில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், அல்லது சீட்டை மடித்துவிட்டு ஒதுங்கலாம். கடைசியாக விழும் ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர். அதற்குப் பிறகு ஒரே ஒரு பந்தயம்தான் பாக்கி.

குவாரியில் மதியம் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். சைரன் ஊதி, ஆட்களை ஒதுக்கி, வெடித்து, எல்லாம் சரி என்று மறு சைரன் ஊத ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வண்டிகள் நகரக்கூடாது. அந்த நேரத்தில்தான் சுகிர்தா சாப்பிட்டுக்கொண்டே போனில் ஆடுவாள். ஐந்நூறு ரூபாயில் ஆரம்பித்தாள். குறைந்த பணத்துக்கு ஆடும் சின்ன மேசைகளில் மட்டும் உட்கார்ந்து இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டாயிரம் சேர்த்தாள். புருஷன் ராஜாராமுக்கு அவள் ஆடுவது தெரியும், தொகை தெரியாது. மானாம்பதி பக்கத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருந்த அவனுக்கு அதைக் கேட்கவும் நேரம் இருந்ததில்லை.

பெரிய மேசை ஒன்றை அவள் நாலு மாதம் ஆடாமல் வேடிக்கை மட்டும் பார்த்தாள். அங்கே 'மின்னல்45' என்ற பெயரில் ஒருவன் ஆடுவான். யார், எந்த ஊர் என்று தெரியாது. அவன் கையில் நிஜமாகவே நல்ல சீட்டு இருந்தால் பத்து விநாடி யோசித்துவிட்டு அளவாகக் கட்டுவான். ஒன்றும் இல்லாதபோது சட்டென்று பெரிதாகக் கட்டி எதிராளியை மிரட்டி விரட்டுவான். பழைய எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் சுகிர்தா இதைப் பதினொரு தடவை குறித்திருந்தாள்.

அந்த மேசையில் உட்கார ஐம்பதாயிரம் வேண்டும். போன வருடம் ஜூன் மாதம் சம்பளம் வந்த மறுநாள், அதிலிருந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்து ஆட்டக் கணக்கில் போட்டாள். சாயங்காலத்துக்குள் திருப்பி எடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை.

முதல் சைரன் ஊதியது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் மேசையில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கை வந்தது.

அவளுக்குச் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இனத்தில் ஏஸும் கிளாவர் ராஜாவும். நடுவில் விழுந்த முதல் மூன்று சீட்டில் டைமன் ராஜா இருந்தது, கூடவே ஆட்டினில் ஒன்பதும் நாலும். ராஜா ஜோடி சேர்ந்துவிட்டது. அவள் கட்டினாள், மின்னல் விடாமல் கூடவே வந்தான். நாலாவது சீட்டு இஸ்பேட் இரண்டு, ஒன்றுக்கும் உதவாதது. மறுபடி கட்டினாள். மறுபடியும் வந்தான். ஐந்தாவதாக விழுந்தது ஆட்டின் ஏழு.

இப்போது நடுவில் மூன்று ஆட்டின். அவன் கையில் இரண்டு ஆட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகி, அவளுடைய ராஜா ஜோடி தோற்றுப்போகும். அவள் இந்த முறை கட்டவில்லை. இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது, அவன் முப்பத்தைந்தாயிரம் கட்டினான். அவள் முன்னால் மிச்சம் இருந்ததே சரியாக அவ்வளவுதான். ஏற்கெனவே நடுவில் முப்பதாயிரம் கிடந்தது.

யோசிக்க முப்பது விநாடி. அது தீர்ந்தால், ஆட்டம் தருகிற கூடுதல் அவகாசம் ஒரு நிமிடம்.

கணக்கு அவளுக்கு உடனே வந்தது. மூன்று தடவையில் ஒரு தடவைக்குச் சற்று மேல் அவன் ஏமாற்றுகிறவனாக இருந்தாலே போதும், கால் செய்வது, அதாவது அவன் கட்டியதற்குச் சமமாகக் கட்டிச் சீட்டைக் காட்டவைப்பது, லாபம். ஆட்டினில் பெரிய சீட்டான ஏஸ் அவள் கையில் இருக்கிறது. அதனால் அவனிடம் இரண்டு ஆட்டின் இருக்கிற வாய்ப்பும் குறைவு. அவன் யோசிக்கவே இல்லை, அளவாகவும் கட்டவில்லை. பதினொரு குறிப்பும் ஒரே பக்கம்தான் கை காட்டின. சும்மா மிரட்டுகிறான்.

கட்டைவிரலைக் கால் பொத்தானுக்கு மேல் கொண்டுபோனாள்.

அந்த நேரத்தில் வெடி வெடித்தது. அறையின் கண்ணாடி கடகடவென்று ஆடி நின்றது. பன்னிரண்டு வருடமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அவள் திடுக்கிட்டுப் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மறுபடி திரையைப் பார்த்தபோது அவள் கண்ணில் சீட்டு படவில்லை. மகள் ஸ்வேதாவின் பள்ளி வேன் கட்டணம், அரிசி, ராஜாராம் கேட்டிருந்த உர மூட்டை, இவைதான் மனசில் ஓடின. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் ஆட்டத்தின் நடுவே வீட்டை நினைத்ததில்லை. தோற்றால் சாயங்காலம் என்ன பொய் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அதைவிட இன்னொன்று அவளைப் பயமுறுத்தியது. ஜெயித்தால் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தோடு நாளை மதியமும் இதே நாற்காலியில், இதே பதற்றத்தோடு உட்காரப்போகிறோம் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பதினோரு விநாடி மிச்சம் இருந்தது. சீட்டை மடிக்கிற ஃபோல்டு பொத்தானை அழுத்தினாள்.

நடுவில் கிடந்த பணம் அவன் பக்கம் போனது. ஜெயித்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அவன் வேண்டுமென்றே திருப்பிக் காட்டினான். இஸ்பேட் ஜாக்கியும் பத்தும். ஒரு ஆட்டின்கூட இல்லை. ஒரு ஜோடிகூட இல்லை.

சுகிர்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரியும் என்று எதிர்பார்த்தாள். எரியவில்லை. தோள்பட்டை இரண்டும் இறங்குவதை உணர்ந்தாள். அதுவரை அவற்றைக் காது வரைக்கும் தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மேசையை விட்டு எழுந்தாள். மிச்சமிருந்த முப்பத்தைந்தாயிரத்தையும் வங்கிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். கத்தரிக்காய்க் குழம்பு ஆறிப்போயிருந்தது. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.

மறு சைரன் ஊதியதும் முத்துவேல் தன் டிப்பரைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினான். கண்ணாடியைத் தட்டி எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, மூஞ்செல்லாம் வேர்த்துக் கீது? ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன். வண்டிய ஏத்து."

அன்று மாலை வரை முப்பத்தாறு வண்டிகளுக்கு எடை போட்டாள். ஒன்றில்கூடத் தப்பு வரவில்லை.

நாலு மணிக்கு ஷீபாவுக்குப் போன் செய்து நடந்ததை வரிசையாகச் சொன்னாள். ஷீபா எல்லாச் சீட்டையும் ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் குரலில் ஆதங்கம் வந்தது.

"நீ நெனச்சது கரெக்டுதானே சுகி? அப்புறம் ஏன் கால் பண்ணல?"

"அவன் பொய்யின்றது எனுக்குத் தெரியும் ஷீபா. அவனப் பாத்து நான் பயப்படல. என்னப் பாத்துதான் பயந்தன்."

ஷீபா சம்பளப் பணம் உள்ளே இருந்ததா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும், அப்படியென்றால் மடித்ததுதான் சரி, அந்தப் பணத்தோடு உட்கார்ந்ததுதான் தப்பு என்றாள். சுகிர்தாவுக்கு அது போதுமாயிருந்தது.

வரி பிடித்தது போக இருபத்தெட்டாயிரத்து நூறு மூன்றாம் நாள் அவள் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் சின்ன மேசைக்கும் போகவில்லை. இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், ஆன்லைனில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்து அந்தச் சீட்டாட்ட ஆப்பும் மூடிப்போனது. அந்தச் செய்தியைக் கேட்டபோது யாரோ தன் சார்பில் கதவைத் தாழிட்டுவிட்டது போல இருந்தது அவளுக்கு.

ராஜாராமிடம் அவள் சொன்னது பணம் வந்த அன்று. அவன் வயலிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். சம்பளத்தில் பன்னிரண்டாயிரத்தை ஆட்டத்தில் போட்டேன் என்று நேராகவே ஆரம்பித்தாள். அவன் தண்ணீரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"போச்சா?"

"இல்லீங்க. கீது. மேலயே வந்துட்சி."

அவன் கோபப்படப் போகிறான் என்று அவள் நினைத்தாள். இனிமேல் என்னிடம் கேட்காமல் சம்பளத்தில் கை வைக்காதே என்று மட்டும் சொன்னான், மெதுவாக. அவள் சரி என்று தலையாட்டினாள். வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே அந்த ஆட்டம் எப்படிப் போனது என்று விவரம் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல அவன் துடைப்பதை மறந்துவிட்டான். யார் என்ன கட்டினார்கள், எந்தச் சீட்டு எப்போது விழுந்தது என்று விடாமல் விசாரித்தான். எதிராளி காட்டிய ஜாக்கியும் பத்தும் வந்ததும் தொடையைத் தட்டினான்.

"நானா இருந்தா கட்டிருப்பன்."

"அதான் ஒங்க கையில போன குடுக்கல" என்றாள் சுகிர்தா.

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக. பிறகு சோறு போட எழுந்து உள்ளே போனாள்.