குக்கருக்குள் பன்னிரண்டு நிமிடம்

நூற்றெண்பது டிகிரி என்றால் என்னவென்று வீரலட்சுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் பதினோரு வருஷமாக நிற்கிறாள். ஓவனில் காய்ந்து, ஃபேன் காற்றில் ஆறி வரும் பைக் பாகங்களை நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். நகம் பதிந்தால் வேகவில்லை. திரும்ப உள்ளே போகும்.

மத்திகிரி வாடகை வீட்டில் ஓவன் கிடையாது. அதைச் சொல்லாமலே மகள் லாவண்யா, ஒன்பதாம் வகுப்புத் தோழிகள் மூன்று பேரை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். குக்கீஸ் தருகிறாளாம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறார்கள். வீரலட்சுமிக்கு ஒன்று பத்துக்குக் கம்பெனி பஸ்.

"பிஸ்கட்டு மாவுல பால் எவ்வளவுடி?"

"ரெண்டு ஸ்பூன். பிஸ்கட்டு இல்லம்மா, குக்கீஸ்."

"வாயில போனா ரெண்டும் ஒண்ணுதான்."

கடையில் வாங்கிய குக்கீஸ் பெட்டியின் மேல் நூற்றெண்பது டிகிரி, பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. அதிலிருந்த சாக்லேட் மாவை வெண்ணெயும் பாலும் விட்டுப் பிசைந்தாள். ஓவனுக்குப் பதிலாகக் குக்கரில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுச் சூடேற்றினாள். முதலில் ஆறு உருண்டைகளைத் தட்டி வைத்தாள். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திறந்து, நகத்தை வைத்தாள். பதிந்தது. மூடினாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தாள். அப்போதும் பதிந்தது. மூன்றாம் முறை திறந்தபோது புகை வந்தது.

"அய்யோ, எல்லாம் கருப்பு."

"சாக்லேட்னா கருப்பாத்தாண்டி இருக்கும்."

"மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். லாவண்யா பெட்டியைத் திருப்பி, அடியிலிருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். "எடுக்கும்போது மெத்துனு இருக்கும், ஆறினாத்தான் கெட்டியாகும்னு போட்டிருக்கு."

"இத மொதல்லயே படிக்கிறதுக்கென்ன?"

"நீதான் 'எனக்குத் தெரியும், தள்ளு'ன்ன."

மணி பன்னிரண்டே முக்கால். மிச்சமிருந்தது ஏழு உருண்டைக்கான மாவு. வைத்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் எடுத்தாள். தட்டில் கொழகொழவென்று கிடந்தன. விரலைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினாள்.

"தொடாத. ஃபேனுக்குக் கீழ வை," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஷாப்புக்குள் போக முடியும். இரண்டு மணியிலிருந்து லைனில் வந்த பாகங்களைப் பார்த்தாள் என்று பேர். நல்லதையே இரண்டு தடவை ஒதுக்கினாள். "என்னக்கா இன்னைக்கு?" என்று பக்கத்தில் நின்ற பிரியதர்ஷினி கேட்டாள்.

நாலு மணி டீக்கு மணியடித்ததும் டீ எடுக்காமல் லாக்கருக்குப் போனாள். லாவண்யாவின் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது, கிசுகிசுப்பாக.

"அம்மா, கெட்டியாயிடுச்சு. சூப்பர்ங்கறாங்க. ஓவன் எங்கன்னு கேட்டாங்க. அம்மா கம்பெனில பெருசா இருக்கு, அதுல செஞ்சதுன்னு சொல்லிட்டேன். சாயந்தரம் வீட்லயும் சொல்லப் போறாங்களாம்."

வீரலட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டு தட்டினாள்: "அது பெயிண்ட் ஓவன்டி. அதுல செஞ்சத எந்த அம்மா பிள்ளைக்குக் குடுப்பா? அவளுங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு குக்கரக் காட்டு. இப்பவே."

இரண்டு டிக்கும் நீலமாயின. லாவண்யா டைப் செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

டீ முடிந்த மணி அடித்தது. எல்லோரும் லைனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீரலட்சுமி லாக்கர் கதவைத் திறந்து பிடித்தபடி, போனை இன்னும் உள்ளே வைக்காமல் நின்றாள்.