நான்கு ஜோடிச் செருப்பும் ஒரு நடனமும்

வேலை முடிந்து வந்ததும் கிளாரிசா வாசலிலேயே குந்திச் செருப்புகளைக் கழுவுவாள். துடைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நான்கு ஜோடிகளையும் தரையில் பரப்புவாள். செருப்பு வாசல் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவள்தான். ஆனால் குழு நடனத்துக்கு ஆள் வேண்டுமே.

முன்வரிசையில் ரெஜினால்டின் தோல் செருப்பு. கணவர் காலமாகி மூன்று வருடமாகியும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பக்கத்தில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் மார்வின் விட்டுப்போன காலணி. பின்வரிசையில் அவளே இரண்டு பேர்: ஞாயிறு பூசைக்குப் போடுவது ஒன்று, மழைக்குப் போடும் ரப்பர் செருப்பு ஒன்று. விரல் பக்கம் எங்கே பார்க்கிறதோ, ஆடுபவர் முகமும் அங்கே.

"ஏங்க, கொஞ்சம் பின்னால போங்க. டேய் மார்வின், நேரா நில்லுடா."

சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்கும் செருப்புகள். உயிரோடு இருந்தபோது ரெஜினால்ட் அப்படிக் கேட்டதாக அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

டுரியான் துங்கால் என்ற ஊரில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து நகலெடுக்கும் கடையில் வேலை. நாளெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். "ஆண்டி, கலர் பிரிண்ட்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கைபேசியிலிருந்து கண் எழாது. வீட்டில் அதுவும் இல்லை. அவளுக்குத் தனிமை தாங்கவில்லை, அவ்வளவுதான். பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடனம் அமைக்கச் சொல்லித் தருகிறார்கள், வயது வரம்பில்லை என்ற அறிவிப்பைப் பார்த்தவள் அன்றே படியேறிவிட்டாள்.

"எனக்கு ஆட வராது டீச்சர், முட்டி கடகடன்னு சத்தம் போடும். ஆட வைக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

ராகினி டீச்சர் அவளைவிட இளையவள். வரிசை, வட்டம், யார் எந்தப் பக்கமாக நுழைவது, யார் யாரை மறைக்கக் கூடாது என்று அடிப்படையிலிருந்து தொடங்கினாள். அது கிளாரிசாவை நன்றாகவே பிடித்துக்கொண்டது. பூசையில் நற்கருணை வாங்க ஆட்கள் எழுந்து வரிசையில் வந்தால், உயரமானவர்களை மனத்துக்குள் பின்னால் அனுப்பிக்கொண்டிருப்பாள். சாமி மன்னிக்க வேண்டும்.

பயிற்சியின் முடிவில் ஆளுக்கொரு நடனம் அமைத்துக் கலைவிழாவில் மேடையேற்ற வேண்டும். மற்றவர்களுக்குத் தோழிகள், தங்கைகள் என்று ஆள் இருந்தது.

"அக்கா, ஆள் கெடைக்கலன்னா சோலோ பண்ணிடுங்க. ஈஸி லா."

"தனியா நிக்கத்தான் வீடு இருக்கே டீச்சர். அதுக்கு எதுக்கு கிளாஸ்?"

ராகினி வகுப்பிலிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு, வரும் சனிக்கிழமை வகுப்புப் பெண்களையே நிற்க வைத்துப் பார்க்கலாம், சரிவந்தால் அவர்களே மேடையிலும் ஆடட்டும், இல்லையென்றால் தனி ஆட்டம்தான் என்றாள். அந்த வாரம் முழுக்கச் செருப்புகளுக்கு ஓய்வே இல்லை.

சனிக்கிழமை நான்கு பெண்கள் நின்றார்கள். ரெஜினால்டின் இடத்தில் ஜோனிட்டா, கல்லூரிப் பெண். பாட்டு ஒலித்தது. கால்கள் பிசகாமல் போயின; கிளாரிசாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்து எல்லோரும் இரு பக்கமும் கைகளை விரிக்க வேண்டும். விரித்தார்கள். ஜோனிட்டாவின் கை பக்கத்திலிருந்தவள் மூக்கில் இடித்தது. பின்னால் நின்றவள் விரலில் யாருடைய கூந்தலோ மாட்டிக்கொண்டது. ஒரே சிரிப்பு.

"ஆண்டி, எடமே இல்லையே! எங்கள என்னன்னு நெனச்சீங்க?" என்றாள் ஜோனிட்டா.

கிளாரிசாவின் முகம் வாடிவிட்டது. "சிலிப்பர்மா. வீட்டுல சிலிப்பர வெச்சுத்தான் பழகுனேன். அதுக்குக் கை இல்ல பாரு, மறந்துட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. ராகினி பாட்டை நிறுத்தினாள்.

"கால் எல்லாம் கரெக்டா இருக்குக்கா. கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்க வைங்க. மறுபடி போடுறேன்."

கிளாரிசா அவர்களுக்கு நடுவே போனாள். வீட்டுப் பழக்கத்தில் முதல் பெண்ணின் பாதத்தை நகர்த்தக் குனிந்தவள், வெட்கப்பட்டு நிமிர்ந்தாள். தோளைத் தொட்டு நகர்த்தினாள். அடுத்தவளையும், அதற்கடுத்தவளையும். கடைசியாக ஜோனிட்டா. வியர்த்த தோள் சூடாக இருந்தது. மூச்சு வாங்கும்போது ஏறி இறங்கியது.

"இங்க நில்லும்மா."

"சரியா ஆண்டி?"

சரியான இடம்தான். ராகினி பாட்டைப் போட்டாள். கிளாரிசா அந்தத் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.